மட்டையடி அளவைகளும் ஓட்ட முன்கணிப்பும்: அமெரிக்கப் பேஸ்பால் தரவுகளை முன்வைத்து ஒரு புள்ளியியல் விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பேஸ்பால் விளையாட்டில் மட்டையாளரின் திறனை அளக்க நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது மட்டையடிச் சராசரி ஆகும். ஓர் அணி எடுக்கும் ஓட்டங்களை இவ்வளவை எந்த அளவுக்கு விளக்குகிறது, பின்னர் தோன்றிய தள அடைவு விகிதம், மொத்தத்தள விகிதம், இவ்விரண்டின் கூட்டு விகிதம் ஆகியவை எந்த அளவுக்கு விளக்குகின்றன என்பதை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. 2011ஆம் ஆண்டுப் பருவத்தில் அமெரிக்கப் பெருங்கூட்டமைப்பின் 30 அணிகள் பெற்ற தரவுகள் இதற்கு அடிப்படையாகின்றன. தீர்மானக் கெழுவின் அடிப்படையில் கூட்டு விகிதம் முதலிடம் பெறுகிறது. எனினும், தீர்மானக் கெழுக்களை வரிசைப்படுத்துவதால் மட்டுமே ஓர் அளவையின் தகுதி முடிவாகிவிடாது என்பதும், ஓட்டம் உருவாகும் முறையோடு அளவையின் வரையறை பொருந்துகிறதா என்பதே அடிப்படை வினா என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பேஸ்பால், மட்டையடிச் சராசரி, தள அடைவு விகிதம், தொடர்புப் போக்கு, தீர்மானக் கெழு, நேரியல் எடைகள்.

முன்னுரை

எண்களால் மிகுதியாகப் பதிவு செய்யப்பட்ட விளையாட்டுகளுள் பேஸ்பால் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே ஆட்ட நிகழ்வுகள் அட்டவணைகளாகத் தொகுக்கப்பட்டு வந்துள்ளன. ஆயினும் தரவு மிகுந்திருப்பதும் அளவை சரியாக இருப்பதும் ஒன்றல்ல. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் வீரர்களின் புகழையும் ஊதியத்தையும் பெரிதும் நிர்ணயித்த ஓர் அளவை, ஆட்டத்தின் நோக்கமாகிய ஓட்டங்களோடு ஒப்பளவில் தளர்ந்த தொடர்பே கொண்டிருந்தது. இந்த இடைவெளி எவ்வாறு கண்டறியப்பட்டது, புள்ளியியல் அதனை எவ்வாறு அளந்தது, அவ்வாறு அளக்கும்போது ஆய்வாளர் கருத்தில் கொள்ள வேண்டிய எல்லைகள் யாவை என்பன இக்கட்டுரையின் ஆய்வுப் பொருளாகும்.

ஆட்ட அமைப்பும் கலைச்சொற்களும்

பேஸ்பாலில் மட்டையாளர் பந்தை அடித்து முதல், இரண்டாம், மூன்றாம் தளங்களைக் கடந்து தொடக்க இடத்தை மீண்டும் அடைந்தால் அணிக்கு ஓர் ஓட்டம் கிடைக்கும். ஓர் அணியின் மூவர் ஆட்டமிழந்தால் அச்சுற்றில் அதன் முறை முடியும். ஒன்பது சுற்றுகள் கொண்ட ஆட்டத்தில் ஓர் அணிக்கு 27 ஆட்டமிழப்புகளே உள்ளன. ஆகவே ஓட்டம் எடுப்பதற்கு இரண்டு செயல்கள் தேவை: ஒன்று, ஆட்டமிழக்காமல் தளத்தை அடைதல், மற்றொன்று, தளத்தில் இருப்பவரை முன்னேற்றுதல்.

பந்தை அடித்துத் தளத்தை அடைவது 'தள அடி' எனப்படும். அது ஒருதள, இருதள, முத்தள அடிகளாகவோ, நான்கு இடங்களையும் கடக்கும் ஹோம் ரன்னாகவோ அமையும். பந்து வீச்சாளர் அடிக்கத்தக்க எல்லைக்கு வெளியே நான்கு பந்துகளை வீசி, மட்டையாளர் அவற்றை அடிக்க முயலாமல் விட்டால் அவர் முதல் தளத்தை அடைவார். இது 'நடை' எனப்படும். நடையில் முடியும் முறை 'மட்டை வாய்ப்பு' என்னும் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை.

இங்கு ஒப்பிடப்படும் முதன்மை அளவைகள் நான்கு:

1. மட்டையடிச் சராசரி: தள அடிகளின் எண்ணிக்கையை மட்டை வாய்ப்புகளால் வகுத்துப் பெறுவது.
2. தள அடைவு விகிதம்: தள அடி, நடை, பந்து உடலில் படுதல் ஆகியவற்றால் மட்டையாளர் தளத்தை அடைந்த முறைகளை, அவற்றுக்குரிய மொத்த வாய்ப்புகளால் வகுத்துப் பெறுவது.
3. மொத்தத்தள விகிதம் (ஸ்லக்கிங்): ஒருதள அடிக்கு 1, இருதள அடிக்கு 2, முத்தள அடிக்கு 3, ஹோம் ரன்னுக்கு 4 என மதிப்பிட்டு, அக்கூட்டுத்தொகையை மட்டை வாய்ப்புகளால் வகுத்துப் பெறுவது.
4. கூட்டு விகிதம் (ஓபிஎஸ்): இரண்டாவதையும் மூன்றாவதையும் கூட்டிப் பெறுவது.

அளவைகளின் வரலாறு

மட்டையடிக் கணக்கின் தொடக்கம் ஹென்றி சாட்விக் (1824–1908) என்பவரோடு இணைத்துப் பேசப்படுகிறது. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இதழாளரான அவர், பேஸ்பாலுக்கு வருமுன் கிரிக்கெட் செய்திகளை எழுதியவர். கிரிக்கெட்டின் கணக்கிடும் மரபு அவர் வழியே பேஸ்பாலில் நுழைந்தது. நடை என்பது பந்து வீச்சாளரின் பிழையே, மட்டையாளரின் திறன் அன்று என்பது அக்காலக் கருத்து. மட்டையடிச் சராசரியின் வரையறையில் நடைக்கு இடமில்லாமல் போனதற்கு இக்கருத்தே அடிப்படை. 1887ஆம் ஆண்டு ஒரு பருவத்தில் மட்டும் நடைகள் தள அடிகளாகக் கணக்கிடப்பட்டன. சராசரிகள் மிகையாக உயர்ந்தமையால் அவ்விதி உடனே கைவிடப்பட்டது.

மட்டையடிச் சராசரி மீதான விமர்சனமும் பழைமையானதே. 'பேஸ்பால் மேகசின்' இதழின் ஆசிரியர் எஃப். சி. லேன் 1916இல், மதிப்பு வேறுபட்ட நாணயங்களை எண்ணிக்கையால் மட்டும் கணக்கிடுவதோடு இம்முறையை ஒப்பிட்டு மறுத்தார். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி 1947இல் ஆலன் ராத் என்னும் புள்ளியியலாளரைப் பணியமர்த்தியது. அவருடைய கணக்குகளைத் துணையாகக் கொண்டு பிராஞ்ச் ரிக்கி 1954இல் 'லைஃப்' இதழில் எழுதிய கட்டுரை, தளம் அடைதலும் அடியின் வலிமையும் தனித்தனியே அளக்கப்பட வேண்டும் என வாதிட்டது. 1963இல் கனடா நாட்டுப் படைத்துறை ஆய்வாளர் ஜார்ஜ் லின்ட்சே, தம் தந்தை குறித்துவைத்த ஆட்டப் பதிவுகளைக் கொண்டு ஒவ்வோர் ஆட்டநிலையிலும் எதிர்பார்க்கத்தக்க ஓட்டங்களைக் கணித்தார். 1977 முதல் பில் ஜேம்ஸ் வெளியிட்ட ஆண்டு நூல்களும், 1984இல் ஜான் தார்ன், பீட் பாமர் ஆகியோர் எழுதிய 'தி ஹிடன் கேம் ஆஃப் பேஸ்பால்' என்னும் நூலும் இத்துறையை நிலைநிறுத்தின. தள அடைவு விகிதம் பெருங்கூட்டமைப்பின் அதிகாரபூர்வ அளவையானது 1984இல்தான்.

தரவும் முறையும்

2011ஆம் ஆண்டுப் பருவத்தின் 30 அணிகளது தரவுகள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. புள்ளியியல் பாடப் பயிற்சிகளில் பரவலாகக் கையாளப்படும் தொகுப்பு இது. ஒவ்வோர் அணியும் அப்பருவத்தில் எடுத்த மொத்த ஓட்டங்கள் சார்ந்த மாறியாகவும், ஒவ்வொரு மட்டையடி அளவையும் தனித்தனியே சாரா மாறியாகவும் கொள்ளப்பட்டு, மீச்சிறு வர்க்க முறையில் தொடர்புப் போக்குக் கோடு பொருத்தப்படுகிறது. ஓட்டங்களில் அணிக்கு அணி காணப்படும் மாறுபாட்டில் எத்தனை விழுக்காட்டை அவ்வளவை விளக்குகிறது என்பதைத் தீர்மானக் கெழு தெரிவிக்கும். அதன் மதிப்பு 1ஐ நெருங்கும்போது விளக்கும் ஆற்றல் மிகும்.

அட்டவணை: அணியின் ஓட்டங்களை விளக்கும் ஆற்றல் (2011, 30 அணிகள்)

கூட்டு விகிதம் – 0.935
மொத்தத்தள விகிதம் – 0.897
தள அடைவு விகிதம் – 0.849
மட்டையடிச் சராசரி – 0.656
தள அடிகளின் எண்ணிக்கை – 0.642
ஹோம் ரன்களின் எண்ணிக்கை – 0.627
மட்டை வாய்ப்புகளின் எண்ணிக்கை – 0.373
மூவீச்சு ஆட்டமிழப்புகளின் எண்ணிக்கை – 0.169
தளத் திருட்டுகளின் எண்ணிக்கை – 0.003

மரபான அளவைகளுள் மட்டையடிச் சராசரியே முதலிடம் பெறுகிறது என்பது உண்மை. ஆனால் அது விளக்காமல் விடும் மாறுபாடு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மிகுதி. கூட்டு விகிதம் விளக்காமல் விடுவது 6.5 விழுக்காடு மட்டுமே.

இரு அணிகளின் ஒப்பீடு

இவ்வேறுபாட்டின் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 2011இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியின் மட்டையடிச் சராசரி 0.258, டாம்பா பே ரேய்ஸ் அணியின் சராசரி 0.244. சராசரியை மட்டும் நோக்குபவர் ஹூஸ்டன் அணியே மிகுதியான ஓட்டங்களை எடுத்திருக்கும் எனக் கருதுவார். மட்டையடிச் சராசரிக்குப் பொருத்தப்பட்ட கோட்டின் சாய்வு 5242.2, வெட்டுத்துண்டு –642.8. இதன்படி ஹூஸ்டனுக்கு 710 ஓட்டங்களும் டாம்பா பேக்கு 636 ஓட்டங்களும் கணிக்கப்படுகின்றன. உண்மையில் ஹூஸ்டன் எடுத்தவை 615. டாம்பா பே எடுத்தவை 707. ஒன்றில் 95 ஓட்டங்கள் மிகையாகவும், மற்றொன்றில் 71 ஓட்டங்கள் குறைவாகவும் கணிக்கப்பட்டதோடு, எந்த அணி முந்தியது என்பதிலும் கணிப்பு தலைகீழாகிறது.

கூட்டு விகிதத்தின்படி ஹூஸ்டனின் மதிப்பு 0.684, டாம்பா பேயின் மதிப்பு 0.724. இதற்குரிய கோட்டின் சாய்வு 1919.36, வெட்டுத்துண்டு –686.61. இதன்வழிக் கிடைக்கும் கணிப்புகள் முறையே 626, 703. பிழை 11 ஓட்டங்கள், 4 ஓட்டங்கள் எனச் சுருங்குகிறது.

இதற்கான காரணம் அளவைகளின் வரையறையிலேயே உள்ளது. தள அடைவு விகிதத்திற்கும் மட்டையடிச் சராசரிக்கும் உள்ள வேறுபாடு, பெரும்பாலும் நடைகளின் பங்கைக் காட்டும். டாம்பா பேக்கு இது 0.078, ஹூஸ்டனுக்கு 0.053. மொத்தத்தள விகிதத்திற்கும் சராசரிக்கும் உள்ள வேறுபாடு அடிகளின் வலிமையைக் காட்டும். அது முறையே 0.158, 0.116. டாம்பா பே 172 ஹோம் ரன்களை அடித்தது. ஹூஸ்டன் அடித்தவை 95. சராசரி இந்த இரண்டு பண்புகளையும் காண்பதில்லை. நடையை அது கணக்கிலேயே கொள்வதில்லை. ஹோம் ரன்னையும் ஒருதள அடியையும் ஒன்றாகவே எண்ணுகிறது.

இது தனித்த நிகழ்வும் அன்று. அதே பருவத்தில் 0.275 சராசரி பெற்ற கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் 730 ஓட்டங்களை எடுக்க, 0.263 சராசரி பெற்ற நியூயார்க் யாங்கீஸ் 867 ஓட்டங்களை எடுத்தது.

கூட்டு விகிதம் பொருந்துவதன் காரணம்

தள அடைவு விகிதமும் மொத்தத்தள விகிதமும் வெவ்வேறு பகுதிகளைக் கொண்ட பின்னங்கள். அவற்றைக் கூட்டுவதற்குக் கணிதவழியான நியாயம் இல்லை என்னும் எதிர்ப்பு எழக்கூடும். அவ்வாறிருந்தும் அக்கூட்டுத்தொகை ஓட்டங்களோடு நெருங்கிப் பொருந்துவது ஏன் என்பது ஆராயத்தக்கது.

இதற்கு லின்ட்சே காட்டிய வழி பயன்படும். தளங்களில் ஆட்கள் நிற்கும் நிலைகள் 8. ஆட்டமிழந்தோர் எண்ணிக்கை 0, 1, 2 என 3. ஆக மொத்தம் 24 ஆட்டநிலைகள். ஒவ்வொரு நிலையிலிருந்தும் அச்சுற்று முடிவதற்குள் சராசரியாக எத்தனை ஓட்டங்கள் வரும் எனக் கணிக்கலாம். எவரும் தளத்தில் இல்லாத தொடக்க நிலையில் அது ஏறத்தாழ அரை ஓட்டம். எவரும் ஆட்டமிழக்காமல் மூன்று தளங்களும் நிரம்பியிருந்தால் இரண்டு ஓட்டங்களுக்கு மேல். ஒரு நிகழ்வுக்கு முன்னும் பின்னும் உள்ள எதிர்பார்ப்புகளின் வேறுபாட்டோடு அந்நிகழ்வில் கிடைத்த ஓட்டங்களையும் கூட்டினால் நிகழ்வின் ஓட்டமதிப்பு கிடைக்கும்.

இந்த அடிப்படையில் பாமர் அளித்த நேரியல் எடைகள் வருமாறு: நடை 0.33, ஒருதள அடி 0.46, இருதள அடி 0.80, முத்தள அடி 1.02, ஹோம் ரன் 1.40, ஆட்டமிழப்பு –0.25. ஒவ்வொரு நிகழ்வையும் ஆட்டமிழப்போடு ஒப்பிடும்பொருட்டு 0.25ஐக் கூட்டி, ஒருதள அடியை 1 எனக் கொண்டால், நடை 0.82, இருதள அடி 1.48, முத்தள அடி 1.79, ஹோம் ரன் 2.32 எனப் பெறப்படும்.

இவ்வரிசையோடு ஒவ்வோர் அளவையையும் ஒப்பிடலாம். நடை, இருதள அடி, முத்தள அடி, ஹோம் ரன் என்னும் வரிசையில் மட்டையடிச் சராசரி வழங்கும் மதிப்புகள் 0, 1, 1, 1. தள அடைவு விகிதம் வழங்குபவை 1, 1, 1, 1. மொத்தத்தள விகிதம் வழங்குபவை 0, 2, 3, 4. கூட்டு விகிதத்தில், பகுதிகளின் சிறு வேறுபாட்டைப் புறக்கணித்தால், நடைக்கு 1, ஒருதள அடிக்கு 2, ஹோம் ரன்னுக்கு 5 என்றவாறு அமைந்து, ஒருதள அடியை 1 எனக் கொள்ளும்போது 0.5, 1.5, 2, 2.5 என ஆகிறது. ஓர் அளவை பெரிய அடிகளைக் குறைத்து மதிப்பிடுகிறது, மற்றது மிகைப்படுத்துகிறது. இரண்டையும் கூட்டும்போது இப்பிழைகள் பெருமளவு ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. நடை மட்டும் இன்னும் குறைவாகவே மதிப்பிடப்படுகிறது. இக்குறையை நீக்கும் நோக்கில் டாம் டாங்கோவும் அவருடைய இணையாசிரியர்களும் நிகழ்வுகளின் ஓட்டமதிப்புகளையே எடைகளாகக் கொண்ட 'எடையிட்ட தள அடைவு' என்னும் அளவையை உருவாக்கினர்.

தீர்மானக் கெழுவை வாசிக்கும் முறை

மேற்கண்ட அட்டவணையை அப்படியே தரவரிசையாக வாசித்தால் மூன்று தவறான முடிவுகள் பிறக்கக்கூடும்.

முதலாவது, மொத்தத்தள விகிதத்தின் கெழு (0.897) தள அடைவு விகிதத்தின் கெழுவை (0.849) விட உயர்ந்திருப்பதால் அடியின் வலிமையே முதன்மையானது எனக் கருதுவது. 2011இல் மொத்தத்தள விகிதம் அணிகளிடையே 0.348 முதல் 0.461 வரை பரவியிருந்தது. தள அடைவு விகிதம் 0.292 முதல் 0.349 வரையே பரவியிருந்தது. பரவல் மிகுந்த மாறி மாறுபாட்டின் பெரும்பங்கை விளக்கும் வாய்ப்பு இயல்பாகவே மிகுதி. ஓர் அலகு மாற்றத்தின் விளைவை அறியச் சாய்வை நோக்க வேண்டும். தள அடைவு விகிதம் 0.010 உயரும்போது ஏறத்தாழ 57 ஓட்டங்கள் கூடுகின்றன. மொத்தத்தள விகிதம் அதே அளவு உயரும்போது ஏறத்தாழ 27 ஓட்டங்களே கூடுகின்றன. இரண்டு விகிதங்களிலும் தள அடிகள் இடம்பெறுவதால் ஒன்றின் விளைவில் மற்றொன்றின் விளைவும் கலந்திருக்கும். ஆகவே இரண்டையும் ஒரே சமன்பாட்டில் வைத்து நோக்குவதே முறை. ஜான் ஹேக்ஸ், ரேமண்ட் சாவர் ஆகிய பொருளியலாளர்கள் அணிகளின் வெற்றி விகிதத்தை வைத்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், தள அடைவு விகிதத்தின் கெழு மொத்தத்தள விகிதத்தின் கெழுவைப் போல இரு மடங்குக்கும் மேல் அமைந்தது.

இரண்டாவது, தளத் திருட்டின் கெழு 0.003 என்பதால் அச்செயலுக்குப் பயனே இல்லை எனக் கருதுவது. பாமரின் கணிப்பில் வெற்றிகரமான திருட்டு 0.30 ஓட்டம் தரும்; பிடிபட்டால் 0.60 ஓட்டம் இழப்பு. மூன்றில் இரண்டு முறை வென்றால்தான் இழப்பும் ஆதாயமும் சமன்படும். எண்ணிக்கை அளவை வென்றவற்றை மட்டுமே காட்டும், பிடிபட்டவற்றை மறைக்கும். மேலும், தளத்தை அடையாத அணிக்குத் திருட்டால் பெரும்பயன் விளையாது. 2011இல் 170 தளத் திருட்டுகள் நிகழ்த்திய சான் டியாகோ பாட்ரெஸ், தள அடைவு விகிதம் 0.305 என்ற நிலையில் 593 ஓட்டங்களே எடுத்தது. அணிகளிடையே தொடர்பு காணப்படாமையை, செயலுக்கு மதிப்பில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

மூன்றாவது, விளக்குவதையும் முன்கணிப்பதையும் ஒன்றாகக் கொள்வது. மேற்கண்ட கெழுக்கள் ஒரே பருவத்தின் அளவைகளையும் ஓட்டங்களையும் இணைப்பவை. வரும் பருவத்தை முன்கணிக்க, அளவை ஆண்டுக்கு ஆண்டு நிலைத்திருக்கவும் வேண்டும். உண்மைத் திறன் 0.260 ஆக உள்ள மட்டையாளர் 500 மட்டை வாய்ப்புகளைப் பெற்றால், ஈருறுப்புப் பரவலின்படி அவருடைய சராசரியின் திட்டப் பிழை ஏறத்தாழ 0.020. அதாவது 0.240க்கும் 0.280க்கும் இடையே அவர் எங்கு நின்றாலும் அது தற்செயல் விளைவாகவே இருக்கலாம். அடிக்கப்பட்ட பந்து களத்தடுப்பாளரின் கைக்குள் போகிறதா, இடைவெளியில் விழுகிறதா என்பதைச் சராசரி பெரிதும் சார்ந்துள்ளது. நடை பெறும் விகிதம் அவ்வாறு களத்தடுப்பைச் சாராததால் ஒப்பளவில் நிலையானது.

இவற்றோடு, 30 அணிகள் கொண்ட ஒரு பருவம் சிறிய கூறு என்பதும், அணி அளவில் பெற்ற முடிவைத் தனி வீரருக்கு அப்படியே பொருத்துதல் தகாது என்பதும் கருதத்தக்கன.

ஊதியச் சந்தையில் அளவையின் விளைவு

அளவையின் குறை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 2002இல் ஓக்லாந்து அத்லெடிக்ஸ் அணி ஏறத்தாழ 4 கோடி டாலர் ஊதியச் செலவில் 103 ஆட்டங்களை வென்றது. அதே ஆண்டில் நியூயார்க் யாங்கீஸ் 12 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டு அதே 103 வெற்றிகளைப் பெற்றது. தள அடைவில் சிறந்தும் குறைந்த ஊதியத்தில் கிடைத்த வீரர்களை ஓக்லாந்து தேடிப் பெற்றதை மைக்கேல் லூயிஸ் 2003இல் வெளியிட்ட 'மணிபால்' என்னும் நூல் விவரித்தது. வெற்றிக்குத் தள அடைவு தந்த பங்களிப்புக்கு ஏற்ற ஊதியம் முந்தைய ஆண்டுகளில் வழங்கப்படவில்லை என்பதையும், 2004இல் அந்த இடைவெளி மறைந்தது என்பதையும் ஹேக்ஸ், சாவர் ஆய்வு காட்டியது. பொறுமையாகப் பந்தை விட்டு நடை பெறுவது அதுவரையிலும் ஓட்டங்களைத் தந்துகொண்டுதான் இருந்தது. அதனைக் கணக்கிடாத வரையறையின் விலையை அத்திறன் கொண்ட வீரர்கள் தம் ஊதியத்தில் செலுத்தினர்.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. 2011ஆம் ஆண்டுத் தரவின்படி அணியின் ஓட்டங்களை மிகச் சிறப்பாக விளக்குவது கூட்டு விகிதம். மட்டையடிச் சராசரி அதனினும் வெகுவாகப் பின்தங்குகிறது.
2. கூட்டு விகிதத்தின் வெற்றிக்குக் காரணம், தளம் அடைதல், முன்னேற்றுதல் ஆகிய இரு செயல்களையும் அது உள்ளடக்குவதும், அதன் உறுப்புகளின் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்வதும் ஆகும்.
3. தனித்து நோக்கும்போது மொத்தத்தள விகிதத்தின் தீர்மானக் கெழு உயர்ந்திருந்தாலும், அலகுக்கு அலகு ஒப்பிடும்போது தள அடைவு விகிதமே மிகுந்த மதிப்புடையது.
4. தீர்மானக் கெழுவோடு மாறியின் பரவல், சாய்வு, மாறிகளிடையேயான ஒட்டுறவு, ஆண்டுக்கு ஆண்டு நிலைத்தன்மை ஆகியவற்றையும் சேர்த்து நோக்கிய பின்னரே ஓர் அளவையின் தகுதியை முடிவு செய்ய இயலும்.

நடை மட்டையாளரின் திறன் அன்று என்பது சாட்விக் காலத்துக் கருத்து. அக்கருத்து ஒரு பின்னத்தின் பகுதிக்குள் மறைந்து நின்றமையால் நெடுங்காலம் பெரும்பான்மையோர் அதனைக் கருத்தாகக் காணாமல் அளவீடாகவே கண்டனர். பயன்பாட்டில் உள்ள எந்த விகிதத்தையும் ஆராயப் புகுவோர், அதன் தொகுதியிலும் பகுதியிலும் எவை சேர்க்கப்பட்டன, எவை விடப்பட்டன, ஏன் விடப்பட்டன என்பதை முதலில் வினவுதல் தகும்.